முறுக்குக் குழலும் வீட்டு அரமும்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றின் குழல்களைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக நிழல்கள் தெரியும். நல்ல குழலில் அந்த வட்டங்கள் பிசகாமல் ஒரே மையத்தில் நிற்கும். உள்ளே பள்ளமோ மேடோ இருக்கும் இடத்தில் நிழல் நெளியும். நூறு வருஷத்துக்கு மேல் ஆன குழலென்றால், பாதித் தூரத்தில் அம்மைத்தழும்பு போலக் கரும்புள்ளிகள் இருப்பது சகஜம். வெளிப்புறம் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தாலும், சாய்த்துப் பார்த்தால் பாம்புத்தோல் மாதிரி ஒரு சுருள் கோலம் மங்கலாகத் தெரியும். அமெரிக்காவில் தாத்தாவின் பரணிலிருந்து இப்படி ஒரு துப்பாக்கியை இறக்குகிறவருக்கு உடனே மூன்று கேள்விகள் எழுகின்றன. இதைச் சுடலாமா? உள்ளே இருக்கும் புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிடலாமா? அந்தக் கோலத்தை மறுபடி வரவழைக்கலாமா?

தன் துப்பாக்கியைத் தானே பழுதுபார்க்க அந்த நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடை சொல்வதில்லை. அதனால் கொட்டகையில் ஒரு பிடிகருவியும் நாலு அரமும் வைத்திருப்பவர்கள் தாங்களே இறங்கிவிடுகிறார்கள். முதல் கேள்விக்கு விடை சொல்பவர்கள் நூறாண்டாக இரண்டு கட்சி. “முறுக்குக் குழலா? சுவரில் மாட்டு” என்பது ஒன்று. “என் அப்பா சுட்டார், நானும் சுடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பது மற்றொன்று. இரு கட்சியும் உலோகத்தின் சாதியைப் பற்றியே பேசுகின்றன. கையில் இருக்கும் இந்தக் குழலில் எவ்வளவு உலோகம் மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்ப்பவர்கள் இரு பக்கமும் குறைவு. என் பார்வையில் கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். இந்தக் குழல்களை ‘டமாஸ்கஸ்’ என்கிறார்கள். அந்தப் பெயரோடு நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் உருக்கி எடுத்த உருக்குக் கட்டிகள் மேற்காசியாவுக்குப் போய் வாளாகின. அந்த வாள்களின் மேல் தெரிந்த நீரோட்டக் கோலமே டமாஸ்கஸ் என்ற சொல்லுக்குப் புகழ் சேர்த்தது. அந்த உருக்கை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதன் ரகசியத்தைத் தேடி வருடக்கணக்கில் உலையோடு மல்லுக்கட்டினார்கள். ஆனால் துப்பாக்கிக் குழலின் டமாஸ்கஸ் வேறு வித்தை. அங்கே கோலம் உருக்கு ஆறும்போது தானாக விளைந்தது. இங்கே கொல்லன் கையால் முறுக்கி உண்டாக்கியது. பெயரில் மட்டுமே இரண்டும் பங்காளிகள்.

செய்முறை இதுதான். இரும்புத் தகடும் உருக்குத் தகடும் ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒரே கம்பியாக்குவார்கள். அந்தச் சதுரக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, கயிறு திரிப்பது போல முறுக்குவார்கள். அப்படி முறுக்கிய இரண்டு அல்லது மூன்று கம்பிகளைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒட்டினால் ஒரு பட்டை கிடைக்கும். அந்தப் பட்டையை இரும்புத் தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, விளிம்போடு விளிம்பை உலைச்சூட்டில் அடித்துச் சேர்த்தால் குழல். பிறகு உள்ளே துளை கடைந்து, வெளியே அரத்தால் சீவி வடிவம் கொடுப்பார்கள். தொடங்கிய இரும்பில் பெரும்பகுதி செதிலாகவும் துருவலாகவும் தரையில் கிடக்கும். ஒரு முழக் குழலில் எத்தனை ஒட்டுகள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் பயம் வருவது நியாயம்தான். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு துளி கசடு சிக்கியிருக்கலாம். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சாம்பல் புள்ளிகளுக்கு ‘கிரேஸ்’ என்றே தனிப்பெயர் உண்டு.

இந்தக் கைவேலையின் தலைநகரம் பெல்ஜியத்தில் லியேஜுக்குப் பக்கத்து வெஸ்த்ர ஆற்றுப் பள்ளத்தாக்கு. நெசொன்வோ, ஃப்ரைபோன், த்ரூஸ் போன்ற ஊர்களில் ஆற்றுநீர் சக்கரத்தைச் சுழற்ற, தலைமுறை தலைமுறையாகக் குழல் அடித்தார்கள். அங்கிருந்து செதுக்காத குழல்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் போயின. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கும் போயின. கனெக்டிகட்டின் மெரிடன் நகரிலிருந்த பார்க்கர் பிரதர்ஸ் செய்த துப்பாக்கியில் அமெரிக்கப் பெயர் இருக்கும், குழல் மட்டும் பெல்ஜியக் கொல்லன் முறுக்கியதாக இருக்கும். முதல் உலகப்போர் அந்தப் பள்ளத்தாக்கின் தொழிலை முறித்துவிட்டது. அதற்கு முன்பே வாடிக்கையாளர் மனம் வார்ப்பு உருக்குக் குழலுக்குத் திரும்பியிருந்தது. ஜோசப் விட்வொர்த் உருகிய உருக்கை அழுத்திச் செறிவாக்கிச் செய்த குழல்கள் லண்டன் சீமான்களிடம் பேர்வாங்கின. ஒட்டே இல்லாத குழல் என்பதைவிட நல்ல விளம்பரம் ஏது?

கோலத்தை வைத்து ஒன்றும் நிச்சயிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மலிவுத் துப்பாக்கிகளில் சாதாரணக் குழலின்மேல் அமிலத்தால் கோலம் பதித்து டமாஸ்கஸ் என்று விற்றிருக்கிறார்கள். ஜரிகை என்று நம்பி வாங்கியது பித்தளை இழையாகப் போனது போல.

முறுக்குக் குழல்கள் பிறந்தது கருமருந்துக் காலத்தில். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அந்த மருந்து எரிந்தால் புகையும் கசடும் நிறைய, அழுத்தம் மிதம். 1860களில் பிரஷ்ய பீரங்கிப்படை அதிகாரி ஷுல்ட்ஸ மரத்திலிருந்து செய்த மருந்து வந்தது. 1884இல் பிரான்ஸில் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்து காட்டினார். கருமருந்தை அளக்கும் அதே கரண்டியால் புதுமருந்தை அளந்தவர்கள் குழலையும் விரலையும் இழந்தார்கள். குற்றம் அளவில் இருந்தது. பழி குழலின் மேல் விழுந்தது. பின்னாளில் அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் முறுக்குக் குழலில் பயன்படுத்தாதே என்ற எச்சரிக்கை அச்சேறியது. பெட்டியை விற்கிற கம்பெனிக்கு உன் குழலின் நிலைமை தெரியாது. எல்லாருக்கும் சேர்த்து வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு லேசு. அந்த எச்சரிக்கை தவறல்ல, ஆனால் அது ஆய்வு முடிவும் அல்ல.

அப்படியானால் ஆய்வு செய்தவர்கள் என்ன கண்டார்கள்? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச்சாலை பல வகைக் குழல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, வெடிக்கும்வரை மருந்து ஏற்றிப் பார்த்தது. டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் தன் துப்பாக்கி வரலாற்று நூலில் இதை விவரிக்கிறார். முதலிடம் பிடித்தது மூன்று கம்பி சேர்த்து இயந்திரத்தால் அடித்த ஆங்கில அடுக்கு உருக்குக் குழல். விட்வொர்த்தின் வார்ப்பு உருக்குக் குழல் அதற்குப் பின்னால்தான் வந்தது. நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஷெர்மன் பெல் என்பவர் ‘டபுள் கன் ஜர்னல்’ என்ற இதழில் ஒரு தொடர் எழுதினார். பார்க்கர் துப்பாக்கிகளில் முறுக்குக் குழல் ஒன்று, உருக்குக் குழல் ஒன்று; இரண்டையும் கயிற்றால் இழுத்துச் சுட்டு, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார். இரண்டும் சதுர அங்குலத்துக்கு 30,000 பவுண்டு அருகே போய்த்தான் கிழிந்தன. இன்று அமெரிக்காவில் ‘12 போர்’ (துளையளவைச் சொல்லும் எண்), இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 11,500 பவுண்டு.

பெல்லின் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பலர் பரணுக்கு ஓடினார்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அவர் வெடித்தது பார்க்கர் குழல்கள். நல்ல கம்பெனி, தடிமனான சுவர். அவர் நிரூபித்தது, முறுக்குக் குழல் என்பதாலேயே ஒரு குழல் பலவீனமாகிவிடாது என்பதைத்தான். பெயர் தெரியாத மலிவுத் துப்பாக்கிக்கும், யாரோ ஒரு தாத்தா மூன்று தடவை உள்ளே தேய்த்துவிட்ட குழலுக்கும் அதில் சாட்சியம் இல்லை.

ஐரோப்பாவில் இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே சட்டப்படி இயங்கும் சோதனைச்சாலைகள் இருக்கின்றன. லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. லியேஜில் 1672லேயே முத்திரை வழக்கம் இருந்தது. 1810இல் நெப்போலியன் ஆணை அதை இறுக்கியது. வழக்கமான தோட்டாவைவிடப் பலத்த மருந்தை ஏற்றிச் சுடுவார்கள். தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் குழல் போச்சு. புகையில்லா மருந்துக்கென்று தனி முத்திரை இங்கிலாந்தில் 1896க்குப் பிறகே வருகிறது. 1904 விதிகளிலிருந்து ‘என்.பி.’ என்ற எழுத்துகள். அமெரிக்காவில் இப்படிச் சட்டப்படியான சோதனைச்சாலை கிடையாது, செய்யும் கம்பெனியே சோதித்துக்கொள்ளும். ஆகவே அமெரிக்கப் பழைய குழலைத் தலைகீழாகப் புரட்டினாலும் அது எதைத் தாங்கியது என்று சொல்ல முத்திரை இருக்காது.

முத்திரையை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது ஜாதகம் மாதிரி. பிரிட்டிஷ் குழலின் அடியில் ‘13’ என்று குத்தியிருந்தால், முத்திரை வாங்கிய நாளில் அதன் துளை 0.710 அங்குலத்துக்கும் 0.719க்கும் இடையில் இருந்தது என்று பொருள். 12 போர் துப்பாக்கிக்கு 13 என்ற எண்ணா என்று குழம்ப வேண்டாம்; தோட்டா 12தான், துளையைச் சற்று இறுக்கமாகக் கடைந்தார்கள், அவ்வளவே. இன்று அதே குழலை அளந்து 0.729 வந்தால், குறைந்தது நூறில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே இருந்து காணாமல் போயிருக்கிறது. ஆங்கில விதிப்படி அந்த அளவுக்குத் துளை பெருத்தாலே பழைய முத்திரை செல்லாது. மறுபடி சோதிக்காமல் விற்பது குற்றம். குழலைத் தேய்த்தவர் பெயர் தெரியாது, ஆனால் அவர் எவ்வளவு தேய்த்தார் என்று எண் சொல்லிவிடும்.

துளையளவு பாதிக் கதைதான். மீதிப் பாதி சுவரின் கனம். துளையில் எதுவும் போகாவிட்டாலும் வெளியே யாராவது துருவை அரத்தால் சீவியிருக்கலாம். தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு: பின்வாயிலிருந்து 9 அங்குலம் தாண்டிய பகுதியில் சுவர் ஆயிரத்தில் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதாவது அரை மில்லிமீட்டர். நம் பையில் இருக்கும் ஏ.டி.எம். அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். நல்ல நிலையில் இருக்கும் குழல் அந்த இடத்தில் அதைவிட மெல்லிசாக இருக்கலாம் என்பதே பலருக்கு அதிர்ச்சி. மெல்லிய சுவருக்குள் அழுத்தம் தரும் இழுவிசை சுவரின் கனத்துக்கு எதிர்விகிதம். முக்கால் மில்லிமீட்டரை அரை மில்லிமீட்டராக்கினால் அதே தோட்டாவுக்கு உலோகம் தாங்க வேண்டிய பாரம் ஒன்றரை மடங்கு. அதோடு, கையால் சீவிய குழலில் சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவதைவிட அளக்காமலே இருப்பது மேல், குறைந்தபட்சம் பயமாவது இருக்கும்.

இனி வீட்டு வேலைக்கு வருவோம். உள்ளே இருக்கும் புள்ளிகள் எப்படி வந்தன? கருமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும். அதைவிடப் பொல்லாதது பழைய தோட்டாக்களின் தீமூட்டி. அதில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் குளோரைடு உப்பைக் குழலில் பூசிவிட்டுப் போகும். உப்பு எண்ணெயில் கரையாது. சுட்டு முடித்ததும் எண்ணெய்த்துணி விட்டுத் துடைத்து, பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டு உள்ளே வைத்தவர்களின் குழலில்தான் அம்மைத்தழும்பு அதிகம். கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்தவர்களின் குழல் தப்பித்தது. 1920களில் அரிக்காத தீமூட்டி வந்தபிறகு இந்தத் தொல்லை மெல்ல ஓய்ந்தது.

புள்ளியை எடுக்க ஒரே வழி, புள்ளியின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் நல்ல உலோகத்தை எல்லாம் எடுப்பது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழப் புள்ளிக்காகக் குழல் முழுவதும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுவர் போகிறது. அம்மைத்தழும்பு மறைந்துவிடும், பார்வைக்குக் கண்ணாடி. ஆனால் ஆழமான புள்ளி இருந்த இடத்தில் ஏற்கெனவே எவ்வளவு மெலிவோ அவ்வளவு மெலிவு இப்போது எல்லா இடத்திலும். புள்ளியோடு விட்டிருந்தால் ஓர் இடத்தில் மட்டும் இருந்த பலவீனத்தை ஊர் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று. பழைய அழுக்கையும் ஈயப்படிவையும் துலக்கி எடுப்பது வேறு, அதைச் செய்யத்தான் வேண்டும். அழுக்கு போனபின் தெரிவது புள்ளியென்றால் கையை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது தோட்டா உட்காரும் அறை. பழைய 12 போர் அறைகள் பல இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டா இரண்டேமுக்கால். தோட்டாவின்மேல் எழுதியிருக்கும் நீளம் சுட்டபிறகு வாய் விரிந்த நீளம். அதனால் சுடாத தோட்டா குட்டை அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது அதன் வாய் அறையைத் தாண்டி, குறுகும் கழுத்துக்குள் விரிந்து வழியை நெருக்கும், அழுத்தம் ஏறும். கடையில் கிடைக்கும் தோட்டா போக வேண்டும் என்பதற்காக அறையைக் கடைந்து நீளமாக்குவது அமெரிக்கக் கொட்டகைகளில் பிரபலம். எனக்கு இது பிடிக்கவில்லை. குழலில் அழுத்தம் உச்சிக்குப் போகும் இடத்தை ஒட்டிய உலோகத்தைச் சீவி, அதன் மூலம் அதிக அழுத்தமுள்ள தோட்டாவுக்குக் கதவு திறக்கிற வேலை அது. இரண்டரை அங்குலத் தோட்டாக்களையும், குறைந்த அழுத்தத் தோட்டாக்களையும் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துப்பாக்கியைத் தோட்டாவுக்காக மாற்றுவதைவிடத் தோட்டாவைத் துப்பாக்கிக்காகத் தேடுவது மலிவும்கூட.

நம் நாட்டில் ஜமீன் வீடுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் இதே வகைத் துப்பாக்கிகள் லைசென்ஸோடு இருக்கின்றன. இங்கே வீட்டு அரத்துக்கு இடமே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் தனி லைசென்ஸ் கேட்கிறது (பிரிவு 5). குழலை வெட்டிக் குட்டையாக்கவும் தனி லைசென்ஸ் (பிரிவு 6). அமெரிக்காவிலும் குழல் 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 24 அங்குலத்துக்குக் கீழே போனால் வேறு வகை ஆயுதமாகிவிடும்.

குழல் வெடிக்கும் பெரும்பாலான கதைகளில் உலோகம் பிரதிவாதியே அல்ல. சேறு, பனி, சிக்கிய தக்கை ஆகியவைதான் அடைப்பவை. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்தால் கழுத்தில் போய் நின்றுகொள்ளும். சுடுபவர் அறை காலி என்று நினைத்து 12ஐ ஏற்றிச் சுடுவார். இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்தார்கள். அடைப்பு சிறியதாக இருந்து குழல் கிழியாமல் தப்பினால் அந்த இடத்தில் மோதிரம் மாதிரி உப்பிவிடும். நசுங்கிய குழலை உள்ளிருந்து தூக்கி நிமிர்த்த முடியும். உப்பிய இடத்தில் சுவர் ஏற்கெனவே இழுபட்டு மெலிந்துவிட்டது; தட்டி உள்ளே தள்ளினால் வடிவம் திரும்பலாம், கனம் திரும்புமா?

வெளிப்பூச்சுதான் வீட்டுக்காரர் மனநிறைவோடு செய்யக்கூடிய வேலை. அதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு குழலையும் நடுப்பட்டியையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று. இன்றைய துப்பாக்கிகளைக் கறுப்பாக்கும் கொதிக்கும் காரத் தொட்டியில் இதை முக்கினால் காரம் பற்றைத் தின்றுவிடும், பட்டி பெயர்ந்து வரும். பட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குழலைத் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டுவார்கள். கோவில் மணி போல இழுத்து ஒலித்தால் நலம், தகரம் போல டொக்கென்றால் எங்கோ விட்டிருக்கிறது. பழைய முறை துருவையே வேலைக்காரனாக்குவது. எண்ணெய்ப்பிசுக்கு அறவே போக்கி, துருவேற்றும் கரைசலைப் பூசி, ஈரக்காற்றில் வைத்து, மெல்லிய துரு படர்ந்ததும் நுண்கம்பியால் வருடி எடுப்பார்கள். மறுநாள் மறுபடி. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கொதிநீரில் போட்டால் செந்துரு கருந்துருவாகும், போடாமல் விட்டால் பழுப்பாக நிற்கும். இரும்பும் உருக்கும் வெவ்வேறு வேகத்தில் துருவேறுவதால், வெஸ்த்ர ஆற்றங்கரையில் எவனோ முறுக்கிய கோலம் நாளுக்கு நாள் மேலே எழுந்து வரும். அவசரக்காரர்கள் இதற்கு முன் சாணைச்சக்கரத்தில் மெருகேற்றிவிடுவார்கள். எழுத்துகளும் முத்திரைகளும் கரையும், சுவரும் இன்னும் கொஞ்சம் போகும்.

இதுவரை சொன்ன எல்லா வேலையிலும் உலோகம் ஒரே திசையில்தான் போகிறது. அதைத் திருப்பிச் சேர்க்கும் வேலைகள் இருக்கின்றன, ஆனால் கொட்டகையில் நடப்பவை அல்ல. ஒன்று, துளைக்குள் மெல்லிய புது உருக்குக் குழாயைச் செருகி ஒட்டுவது. வெளியே பழைய கோலம் அப்படியே இருக்கும். மற்றொன்று, பின்வாயிலிருந்து சுமார் 3 அங்குலம் விட்டுவிட்டுப் பழைய குழலை அறுத்தெறிந்து, அந்தக் கட்டைக்குள் புது உருக்குக் குழலைப் பொருத்துவது. ஆங்கிலேயர் இதைச் செய்து முடித்ததும் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். ‘ஸ்லீவ்டு’ என்று குழலிலேயே குத்தி அனுப்புவார்கள். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதை மறைக்கச் சில கம்மியர்கள் சுற்றிலும் ஒரு செதுக்குப் பட்டை போடுவதுண்டு. கோலம் அந்தப் பட்டை வரை வந்து நிற்கும்.